கிராங்க் மாற்றிய பிறகும் அதே வண்டியா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் எந்த இரும்பும் நிம்மதியாக இருப்பதில்லை. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், கேற்றைத் தின்னும், மாடிப்படிக்குக் கீழே சாக்கு மூடி நிறுத்திய பழைய மோட்டார் சைக்கிளையும் தின்னும். அந்த வண்டி டூ ஸ்ட்ரோக் வகையாக இருந்தால் வெளியே தெரிவதைவிட உள்ளே சேதம் அதிகம். மட்கார்டில் ஏறிய துருவைக் கண்ணால் பார்க்கலாம். கிராங்க் பெட்டிக்குள் நடந்திருப்பதை எஞ்சினைப் பிரித்தால்தான் பார்க்க முடியும்.

காரணம் அந்த எஞ்சின் ஒயிலைப் பெறும் விதம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு கலந்து ஊற்றிய ஒயில்தான் எல்லாவற்றுக்கும். கலவை முதலில் கிராங்க் பெட்டிக்குள் வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அமுங்கி, பக்கவழியாக சிலிண்டருக்கு ஏறுகிறது. போகிற போக்கில், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்ரொட்டின் பெரிய முனையில் சுழலும் ரோலர்களுக்கு ஒரு மெல்லிய ஒயில் படலத்தை விட்டுச் செல்கிறது. வண்டி வருடக்கணக்கில் நின்றால் பெற்றோல் ஆவியாகும், படலம் காயும், பெட்டியின் அடியில் ஈரம் தங்கும். ரோலர்களில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். ஒயில் சீல் காய்ந்து வெடித்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். மெலிந்த கலவையில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே இப்படி நின்ற வண்டியை எழுப்ப விரும்புகிறவர் பெயின்ற் கடைக்குப் போவதற்கு முன் கிராங்கைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவுக்குள் கொழும்பின் இன்னொரு பகுதியான கொட்டாஞ்சேனையின் பிக்குவும் சைவரும் பாதிரியும் தலைமுறைகளாகச் சிந்தித்துவரும் ஒரு கேள்வி இருக்கிறது. பாகங்கள் மாறிய பிறகும் ஒரு பொருள் அதே பொருளாக இருப்பது எதனால்?

உதாரணத்துக்கு பிஎஸ்ஏ பாண்டம் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 1948இல் பர்மிங்ஹாம் நிறுவனம் வெளியிட்ட 123 சிசி டூ ஸ்ட்ரோக். 1971 வரை வெவ்வேறு வடிவங்களில் வந்தது. பிரித்தானியப் பொருள்கள் போன இடமெல்லாம் போனது, இலங்கைக்கும் வந்தது. அதன் கிராங்க் ஒரே துண்டாக வார்த்தது அல்ல. கனத்த இரண்டு வட்டங்கள், நடுவில் ஒரு பின், பின்னைச் சுற்றி ரோலர்கள், அவற்றின் மேல் கொன்ரொட். இவற்றைச் சேர்த்துப் பிடிக்க அங்கே போல்ட்டும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. பின் அது புகும் துளையைவிட ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு பெரிது. பிரஸ்ஸில் வைத்துப் பெரும் அழுத்தத்தில் ஏற்றினால் அந்த இறுக்கமே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. ஏற்றியதும் வேலை முடிவதில்லை. இரு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று வி-பிளொக்கில் வைத்து டயல் கேஜால் பார்க்க வேண்டும். விலகல் பொதுவாக 0.05 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.07. செப்புச் சுத்தியலால் வட்டத்தின் விளிம்பில் ஒரு தட்டு, மறுபடி கேஜ், மறுபடி ஒரு தட்டு. கை பழகியவர்தான் இதைச் செய்ய முடியும்.

பாகம் தேடுகிறவர் போவது பஞ்சிகாவத்தைக்கு. மருதானையை ஒட்டிய இந்தப் பகுதி நாடு முழுவதற்கும் வாகன உதிரிப்பாகச் சந்தை. இங்கே வந்து நிற்கும்போது கிராங்கின் ஒவ்வொரு பாகமும் ஒரே தன்மையானது இல்லை என்பது புரியும். தண்டைத் தாங்கும் பெயாரிங் ஓர் இலக்கம் மட்டுமே. 6204 என்று கேட்டால் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீற்றர். ஜப்பானில் செய்தாலும் சுவீடனில் செய்தாலும் அதே அளவு. தண்ணீர்ப் பம்பிலும் அது இருக்கும், மோட்டார் சைக்கிளிலும் இருக்கும். அதற்கு வண்டியோடு உறவு எதுவும் இல்லை. கொன்ரொட் அப்படிப்பட்டதல்ல. நீளம், முனைகளின் விட்டம், அகலம் எல்லாம் அந்த ஒரு எஞ்சினுக்கென்றே வரையப்பட்டவை. கிராங்க் வட்டங்கள் அதைவிடவும் அந்த எஞ்சினுக்கே உரியவை.

வாங்குகிறவருக்கு முன்னால் நான்கு வழி இருக்கிறது. அந்தக் காலத்திலேயே நிறுவனம் செய்து, விற்காமல் பெட்டியில் கிடந்த பாகத்தைத் தேடிப் பிடிக்கலாம். வேறொருவர் புதிதாகச் செய்து விற்கும் கொன்ரொட் கிற்றை, அதாவது ரொட், பின், ரோலர், வாஷர் அடங்கிய தொகுதியை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பழைய வட்டங்களில் ஏற்றலாம். செத்துப்போன இன்னொரு வண்டியிலிருந்து முழுக் கிராங்கையும் கழற்றி மாற்றலாம். எதுவும் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் ஒரு பின்னைக் கடைந்து, பதம் ஏற்றி, வேறு வண்டியின் ரொட்டைப் பொருத்தலாம். இவற்றில் இரண்டாவது வழிதான் பெரும்பாலும் சரியானது. பழைய இரும்பில் பயன்படக்கூடியது எல்லாம் மிஞ்சுகிறது, தேய்கிற பகுதி மட்டும் புதிதாகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பின்னைக் கழற்றி ஏற்றும் ஒவ்வொரு முறையும் வட்டத்தின் துளை சற்றுத் தளர்கிறது. அடுத்த முறை தடித்த பின் வேண்டும். அதற்கடுத்த முறை வட்டமே பயன்படாமல் போகலாம்.

ரொட் போனது, பின் போனது, வட்டம் போனது, பிஸ்டன் எப்போதோ போனது. கேள்வி இப்போது நேராக முன்னால் நிற்கிறது.

இதே கேள்வி மனிதனைப் பற்றி எழுந்தபோது இலங்கையில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டார்கள். 1873 ஆகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் நடந்த விவாதம் அது. கிறிஸ்தவத் தரப்பில் வெஸ்லியன் சபையின் டேவிட் டி சில்வா பாதிரியார். பௌத்தத் தரப்பில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமயவில் இருந்தவர். 1885 வெசாக் நாளில் பௌத்தக் கொடி முதன்முதல் ஏற்றப்பட்டதும் அதே விகாரையில்தான். பாதிரியாரின் வாதம் கூர்மையானது. ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லையென்றால், இந்தப் பிறவியில் தவறு செய்தவன் ஒருவன், அடுத்த பிறவியில் தண்டனை பெறுகிறவன் வேறொருவன் ஆகிறான். அது நீதியாகுமா?

பௌத்தம் இதற்கு நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடை, பிறக்கிறவன் அவனே என்றும் சொல்ல முடியாது, வேறொருவன் என்றும் சொல்ல முடியாது என்பது. மிலிந்த மன்னனுக்கும் நாகசேன தேரருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலில் இது விரிவாக வருகிறது. மன்னன் வந்தது தேரில். தேர் எது, அச்சா, சக்கரமா, நுகமா, கடிவாளமா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேர் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் தேர் இல்லை. பாகங்கள் ஒரு முறையில் கூடியிருப்பதற்கு வழங்கும் பெயரே தேர். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் இருந்து எழுதிய புத்தகோஷரும் தம் விசுத்திமக்கத்தில் இதே தேரைக் கையாள்கிறார். ஆகவே பாகம் பாகமாகக் கழற்றி வைத்த வாகனத்தின் முன் நின்று யோசிப்பது இந்தத் தீவுக்குப் புதிதன்று.

தமிழில் இந்த வாதத்துக்கு இன்னும் நுட்பமான வடிவம் உண்டு. மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் பௌத்தத் தத்துவத்தை விளக்கும்போது, நாம் பொருள்களுக்குப் பெயரிடும் முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். தொகை என்பது ஒன்று: பல சேர்ந்து நிற்பதை உடம்பு, நீர், நாடு என்று ஒரே பெயரால் அழைப்பது. தொடர்ச்சி என்பது மற்றொன்று: வித்து, முளை, தாள் என்று மாறிக்கொண்டே போவதை முதலிலிருந்து முடிவுவரை நெல் என்றே அழைப்பது. நாகசேனரின் தேர் தொகைக்கு உதாரணம். பழைய வண்டிக்கு அது போதாது, ஏனென்றால் அதில் பாகங்கள் கூடியும் இருக்கின்றன, காலத்தில் மாறியும் வருகின்றன. இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கத் தெரிந்திருந்தது அந்தத் தமிழ்ப் பௌத்தருக்கு. மணிமேகலை போய்ச் சேர்ந்த மணிபல்லவத்தை நயினாதீவு என்று பலர் கருதுகிறார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டால், இந்தக் காதையை இலங்கைத் தமிழர் தம் வீட்டுப் புத்தகமாகப் படிக்க நியாயம் இருக்கிறது. படிப்பவர் குறைவு என்பது வருத்தமானது.

சைவ சித்தாந்தம் பௌத்தத்தின் இந்த விடையை ஏற்காது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதை நிறுவ எழுந்தது. அதன் வாதங்களில் ஒன்று எளிமையானது, ஆனால் தப்ப முடியாதது. என் கை, என் கால், என் உடம்பு என்று ஒருவன் சொல்கிறான். அப்படிச் சொல்கிறவன் கையோ காலோ உடம்போ ஆக முடியாது; என் வீடு என்பவன் வீடாக மாட்டான். உடைமையும் உடையவனும் வேறு.

இந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. பாண்டம் வண்டி என் கிராங்க் என்று சொல்வதில்லை. அதற்குள் உடையவன் இல்லை. வண்டியின் ஆன்மா எஞ்சினில் இருக்கிறது, சத்தத்தில் இருக்கிறது, புகையின் மணத்தில் இருக்கிறது என்று பழைய வண்டிப் பிரியர்கள் உருகிச் சொல்வது அன்பின் பேச்சு. அதை மதிக்கலாம், வாதமாக ஏற்க முடியாது. இயந்திரத்தைப் பொறுத்தவரை குணானந்த தேரரின் பக்கமே சரி. கூடிய பாகங்களும் அவற்றின் தொடர்ச்சியும்தான் அங்கே உள்ளவை. ஆனால் என்னுடையது என்று சொல்கிறவர் ஒருவர் வண்டிக்கு வெளியே நிற்கிறார். அவரை மெய்கண்டாரின் வாதம் விட்டுவிடாது. தொடர்ச்சியை அறுபடாமல் வைத்திருப்பதும் அதைப் பற்றி உண்மை சொல்வதும் அவருடைய கடமை ஆகின்றன.

இது எப்படி நடக்கும் என்பதைக் கொட்டாஞ்சேனையிலேயே பார்க்கலாம். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை 1856இல் எழுப்பியவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதைக் கருங்கல்லில் முழுதாகத் திரும்பக் கட்டினார். கொழும்பில் கருங்கல் கோயில் என்றால் இன்றும் நினைவுக்கு வருவது அதுதான். தகப்பன் கட்டிய சுவர் அங்கே இல்லை. ஆனாலும் கும்பிடப் போகிற எவரும் இது 1912இல் தொடங்கிய வேறு கோயில் என்று எண்ணுவதில்லை. கோயில் 1856இலிருந்து இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், அது சரியும்கூட.

ஏனென்றால் சைவ ஆகமங்கள் இதற்கென்றே ஒரு வழி வகுத்திருக்கின்றன. திருப்பணி தொடங்குமுன் மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் வாங்கி, பாலாலயம் என்ற தற்காலிகக் கோயிலில் வைத்து, அங்கே நித்திய பூசையை நிறுத்தாமல் நடத்துவார்கள். கோயில் இடிபடும், கல் மாறும், கோபுரம் புதிதாகும். முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் அந்த சாந்நித்தியம் திரும்ப மூர்த்திக்குப் போகிறது. ஏறத்தாழ 12 வருடங்களுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். இந்த ஏற்பாட்டில் உள்ள அறிவு வியக்கத்தக்கது. கல் அழியும் என்பதை அது முன்பே ஒப்புக்கொள்கிறது. அழிவுக்கும் புதுப்பித்தலுக்கும் நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்கிறது.

பூரி ஜகந்நாதர் கோயிலில் இது இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. அங்கே மூர்த்திகள் வேப்ப மரத்தால் ஆனவை. குறிப்பிட்ட அதிக மாதம் வரும் ஆண்டுகளில் அவை புதிதாகச் செய்யப்படுகின்றன. 1996இல் நடந்தது, பிறகு 2015இல் நடந்தது. பழைய திருமேனிக்குள் இருக்கும் பிரம்ம பதார்த்தம் எனப்படும் ஒன்றை, கண்ணைக் கட்டிக்கொண்ட சேவகர்கள் இரவில் புதிய திருமேனிக்கு மாற்றுகிறார்கள். அதன் பின் பழைய மரத் திருமேனிகள் கோயில் வளாகத்திலேயே கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில் அடக்கம் செய்யப்படுகின்றன.

அந்த அடக்கம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. மேலை நாட்டு மெய்யியலில் தெசியஸ் என்பவனின் கப்பல் பற்றிய பழைய கேள்வி ஒன்று உண்டு. பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பலா என்பது. 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அதை ஒரு படி மேலே கொண்டுபோனார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து அவற்றாலேயே இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தெசியஸின் கப்பல்? மெய்யியல் வகுப்புகளில் இன்றும் தீராத சிக்கல் இது. கோயில் மரபு அதைச் சடங்கால் தீர்த்திருக்கிறது. பின்னமான சிலை நீரில் விடப்படுகிறது, பழைய மரம் புதைக்கப்படுகிறது. இரண்டாவது கப்பலைக் கட்டப் பலகை கிடைக்காது. ஒரே பெயருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாட இடமில்லாமல் செய்வதில் அந்தச் சடங்கின் கூர்மை இருக்கிறது.

பஞ்சிகாவத்தை இயங்குவது நேர் எதிர்த்திசையில். அங்கே எதுவும் புதைக்கப்படுவதில்லை. ஒரு வண்டியிலிருந்து கழன்றது மறுநாள் இன்னொரு வண்டிக்குள் போகிறது. ஏழைக்கு மலிவாகப் பாகம் கிடைப்பது அதனால்தான், பல வண்டிகள் ஓடுவதும் அதனால்தான்; அதைக் குறை சொல்வது அநியாயம். ஆனால் ஹாப்ஸின் கேள்வி அங்கே கற்பனையில் எழுவதில்லை, காசு கைமாறும்போது எழுகிறது. ஒரு பாண்டமின் சட்டகம் ஒருவரிடம், எஞ்சின் இன்னொருவரிடம், பதிவுப் புத்தகம் மூன்றாமவரிடம் என்று பிரிந்துபோனால், மூவரும் தம்மிடம் உள்ளதை வைத்து முழு வண்டி ஒன்றை எழுப்பி அதே பெயரில் விற்க முடியும்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு சிக்கல் நீதிமன்றம் வரை போனது. ஓல்ட் நம்பர் வண் எனப்பட்ட பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929இலும் 1930இலும் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. பின்னர் எஞ்சின், சட்டகம், உடல் என்று ஒவ்வொன்றாக மாறியது. அதை ஒரு கோடி பவுணுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது உண்மையான ஓல்ட் நம்பர் வண் அல்ல என்று பின்வாங்கியது. 1990இல் நீதிபதி ஓட்டன் தீர்ப்புச் சொன்னார். 1929ஆம் ஆண்டுக் காரில் மிகச் சொற்பமே மிஞ்சியிருந்தாலும், அந்தக் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போகவில்லை. தொடர்ச்சியான வரலாறு இருக்கிறது. ஆகவே அந்தப் பெயர் அதற்கு உரியது. மணிமேகலையின் தொடர்ச்சி என்ற வகை லண்டன் நீதிமன்றத்தில் எடுபட்டது என்றே சொல்லலாம். ஆனால் அங்கே தொடர்ச்சியை நிரூபிக்க முடிந்தது. எது எப்போது மாறியது என்பதற்குப் பதிவு இருந்தது.

மூலம் என்ற சொல்லை நாம் எவ்வளவு கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்குப் பாண்டம் வண்டியே சாட்சி. அதன் வடிவமைப்பு பர்மிங்ஹாமில் பிறந்தது அல்ல. போருக்கு முன் ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் செய்த ஆர்டி 125 வண்டியின் வரைபடங்கள், போர் இழப்பீடாக நேச நாடுகளுக்குப் போயின. பிரித்தானியர் அவற்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றி, கியரை வலது காலுக்குக் கொண்டுவந்து பாண்டம் என்றார்கள். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் அதிலிருந்து ஒரு 125 சிசி வண்டி செய்தது. சோவியத் நாட்டில் மாஸ்க்வா என்ற பெயரில் வந்தது. 1955இல் யமஹா தன் முதல் மோட்டார் சைக்கிளான வைஏ-1ஐ அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்துத்தான் செய்தது. ஒரே வித்து நான்கு நாட்டில் முளைத்தது. பாண்டம் வண்டிக்குள் ஒரிஜினல் பாகம் மட்டுமே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் இந்தக் கதையையும் மனத்தில் வைக்க வேண்டும்.

அந்தப் பிடிவாதத்தால் இழப்பும் உண்டு. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் ஓடிய வண்டிக்குள் ஊர்ப் பட்டறையில் கடைந்த பின் இருக்கலாம். 1990களில் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடையில் கிடந்தது. பெற்றோல் சில துளிகளே, மற்றபடி மண்ணெண்ணெயில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. அங்கிருந்து தப்பி வந்த ஒரு வண்டியில் வேறு வேறு வண்டிகளின் பாகங்கள் பொருந்தியிருப்பது ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட எஞ்சினைத் திறந்து, கைவேலைப் பின்னைக் கண்டு, இது டூப்ளிகேட் என்று குப்பையில் எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து பளபளக்கும் பாகம் வரவழைப்பவர் எதை மீட்டார்? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலையை மீட்டார். அந்தக் கிராங்கை ஓடவைத்த மனிதரின் உழைப்பையும் அந்த வருடங்களையும் வண்டியிலிருந்து நீக்கினார். தேய்ந்துபோனால் மாற்றத்தான் வேண்டும், ஓடும் வண்டியில் தேய்ந்த பின் ஆபத்து. ஆனால் அது அந்த வண்டியின் கதைக்குரிய பாகம் என்பதை அறிந்து மாற்ற வேண்டும்.

வெள்ளவத்தைக்கும் இந்தக் கேள்வி உண்டு. 1983 ஜூலையில் இங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. கப்பலில் வடக்கே போனவர்கள் உண்டு, கடல் கடந்து போனவர்கள் உண்டு, திரும்பி வந்தவர்கள் உண்டு. தனி வீடுகள் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த புதிய குடும்பங்கள். நாடு என்பது தொகைப் பெயர் என்று மணிமேகலை சொல்கிறது, ஊரும் அப்படித்தான். இத்தனை மாறிய பின்னும் இது வெள்ளவத்தைதான் என்று மனிதரால் துணிந்து சொல்ல முடிகிறதென்றால், அதற்குக் காரணம் சுவர்கள் அல்ல. எரிந்ததை மறைக்காமல், எரிந்தது என்று சொல்லிக்கொண்டே இங்கே வாழ்ந்தவர்கள்.

சட்டத்தின் பார்வையில் ஒரு மோட்டார் சைக்கிளை அடையாளம் காட்டுவது செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவு இலக்கமும். அந்தப் பதிவு இலக்கமும்கூட இந்த நாட்டில் வெறும் இலக்கமாக இருந்ததில்லை. 1957, 58இல் வாகனத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் பெரும் போராட்டம் எழுந்தது. அதற்கு முன் பதிவான ஒரு பாண்டம் ஆங்கில எழுத்துத் தகட்டோடு இன்னும் இருந்தால், அந்தத் தகடும் வரலாற்று ஆவணமே. சரி, எஞ்சின் இலக்கம் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? கிராங்க் பெட்டியின் வெளிப்புறத்தில். உள்ளே சுழலும் கிராங்கைப் பற்றிப் பதிவுப் புத்தகத்துக்கு எதுவும் தெரியாது. எஞ்சினின் வேலையெல்லாம் நடக்கும் இடம் முழுதாக மாறினாலும் காகிதத்தில் ஒரு எழுத்துக்கூட மாறாது. மாற்றியதைச் சொல்லக்கூடியவர் அதன் உடையவர் மட்டுமே. பெட்டியையே மாற்றிவிட்டு அதில் பழைய இலக்கத்தைத் திரும்பக் குத்துகிறவர் செய்வது குற்றம். கிராங்கை மாற்றிவிட்டு உள்ளே எல்லாம் ஒரிஜினல் என்று விற்கிறவர் சட்டத்தில் பிடிபடாமல் போகலாம். செய்வது அதே பொய்தான்.

பாகம் மாறியதால் வண்டி பொய்யாவதில்லை. மாற்றியதை மறைத்தால் பொய்யாகிறது. இந்த இடத்தில் பௌத்தரும் சைவரும் ஒன்றுபட முடியும். நிலையான சாரம் என்று எதுவும் இல்லை என்பவருக்கு, தொடர்ச்சியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது; அதைத் திரித்தால் எல்லாம் போயிற்று. உடையவன் வேறு, உடைமை வேறு என்பவருக்கு, உடைமையைப் பற்றிச் சொல்லும் பொய் உடையவனின் வினையாகச் சேர்கிறது. கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் மன்றாடுகிற கத்தோலிக்கர்கள் உடலின் உயிர்ப்பை நம்புகிறார்கள். விதைத்ததும் முளைத்ததும் ஒன்றல்ல, ஆனாலும் தொடர்பு அறவில்லை என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்திலிருந்து அவர்களுக்கும் தெரிந்த செய்தி.

நம் கோயில்களில் கும்பாபிஷேகம் நடந்தால் மலர் ஒன்று வெளியிடுவார்கள். யார் தொடங்கியது, எந்த ஆண்டில் எந்த மண்டபம் இடிந்து புதிதானது, கல் எங்கிருந்து வந்தது, சிற்பி யார், உபயம் யாருடையது என்று எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான மலர்களில் வாழ்த்துச் செய்திகள் பாதியை அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் மீதிப் பாதியில் ஊரின் வரலாறு காக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். கோயிலில் எதை மாற்றினோம் என்பதைப் பெருமையாக அச்சிடுகிற சமூகம், வண்டியில் மாற்றியதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்?

ஆகவே கிராங்கைப் பிரஸ்ஸுக்கு அனுப்பப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய ரொட்டையும் பின்னையும் எறியாதீர்கள். ஒயில் தடவித் துணியில் சுற்றி, வண்டி கைமாறும்போது அதோடு கொடுங்கள். இலக்கம் பொறித்த கிராங்க் பெட்டியைத் தனியே விற்காதீர்கள். பஞ்சிகாவத்தையில் பாகம் விற்கிறவரிடம் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்வார். பிறகு ஒரு தாளில் திகதி, பட்டறை இருக்கும் ஊர், மாற்றிய பாகம், அது வந்த இடம், பின்னின் அளவு, கேஜ் காட்டிய விலகல் ஆகியவற்றை எழுதி, உங்கள் கையெழுத்தைப் போட்டு, பதிவுப் புத்தகத்தின் உறைக்குள் வையுங்கள்.